இருபத்திரண்டு மில்லிமீட்டர்

மழை தார் ரோட்டின் பாதியோடு நின்றுவிட்டது. மேற்குப் பாதி நனைந்து கறுத்துப் பளபளத்தது. கிழக்குப் பாதி, அதாவது வெர்னாவின் பக்கம், காலையில் இருந்தது போலவே வெளுத்துக் கிடந்தது. அவள் வேலிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே, அவளுடைய கொழுந்தன் ரஸ்ஸின் நிலத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் கொட்டகையின் தகரக் கூரையில் அது விழும் இரைச்சல் இங்கே வரை கேட்டது. மண்வாசனை வேலியைத் தாண்டி வந்தது, குளிர்ந்த காற்றும் வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள். புறங்கைத் தூசியில் இரண்டு சொட்டு விழுந்து புள்ளி வைத்தது. அவ்வளவுதான். பின்னால் நானூறு சினையாடுகள் பார்லிக்காகக் கத்திக்கொண்டிருந்தன.

மார்ச் மாதம் மூன்றாவது வாரம். பூமியின் அந்தத் தென்பாதியில் கோடை முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னது. விடியற்காலையில் ஸ்வெட்டர் போட வேண்டியிருந்தது, பத்து மணிக்கு அதைக் கழற்றி எறிய வேண்டியிருந்தது. பொழுது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவந்தது. குளத்தில் மிஞ்சியிருந்த தண்ணீர் டீ நிறத்தில் கெட்டிப்பட்டு, அதன் ஓரச் சேற்றில் ஆடுகள் சிக்காமலிருக்க அவள் கணவன் கெல்வின் கயிறு கட்டியிருந்தான். இந்தச் சில வாரங்களில் அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒருவரோடொருவர் பேசும்போதுகூட முகத்தைப் பார்ப்பதில்லை, தோளுக்கு மேலே மேற்கு வானத்தைத்தான் பார்ப்பார்கள். ஈஸ்டருக்கு முன் முதல் மழை விழுந்தால் புல் முளைக்கும், மண் இளகும், விதைப்புக்கு இறங்கலாம். தள்ளிப்போனால் கையால் தீனி போட்டே ஆடுகளைக் காப்பாற்ற வேண்டும். வெர்னா ஜனவரியிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மழை ஓய்ந்த பிறகு வீட்டு வாசல் கம்பத்தில் மாட்டியிருந்த மழைமானியைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கெல்வின் விதைப்பு இயந்திரத்தின் அடியிலிருந்து தலையை நீட்டினான். இடுப்பு வலி வந்ததிலிருந்து அவன் எழுந்து நிற்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வான்.

“எவ்ளோ?”

“ரெண்டு மில்லி.”

“ரெண்டா? நம்ம பிப் அந்தக் கம்பத்துல கால் தூக்கினாலே அதவிட ஜாஸ்தி வரும்.” தன் பெயர் கேட்டு நாய் வாலை ஆட்டியது. “ரஸ்ஸுக்கு எவ்ளோ விழுந்திருக்கும்?”

“எனக்கென்ன தெரியும்,” என்றாள் வெர்னா. சொன்ன வேகத்தில் மழைமானியைக் கவிழ்த்தாள். இரண்டு மில்லியும் மண்ணில் விழுந்து காணாமல் போனது.

அண்ணன் தம்பி இருவருக்கும் நிலம் ஒன்றுதான். அப்பா இறக்கும் முன்பே ரோட்டை எல்லையாக வைத்துப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒரே செம்மண், ஒரே மேடு பள்ளம். ஆனால் மேற்குப் பக்கம் போன எல்லாமே துளிர்த்தது. ரஸ்ஸின் மனைவி ஜனீன் அடிலெய்டில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் கிடாவுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் கேட்டு நின்றவள். குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் கையை எப்படி உள்ளே விட வேண்டும், எந்தக் காலை முதலில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் வெர்னாதான். ஆறு வருஷத்தில் ஜனீனின் கம்பளி விவசாயக் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியது. வெர்னாவின் மகன் பெர்த்துக்குச் சுரங்க வேலைக்குப் போனவன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் பண்ணுவான். ஜனீனின் மகள் விவசாய டிப்ளமா படித்துவிட்டு, தானாகவே வீட்டுக்குத் திரும்பி வந்து டிராக்டரில் ஏறிக்கொண்டாள். இதையெல்லாம் வெர்னா யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஜனீன் கெட்டவள் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவளாக இருந்தால் வெளிப்படையாகவே வெறுத்துவிட்டுப் போகலாம்.

சனிக்கிழமை தேவாலயத்தில் அறுப்பின் நன்றி ஆராதனைக்கு அலங்காரம். வருஷம் விளைந்ததோ இல்லையோ, அதை நிறுத்துவதில்லை. பெண்கள் பூசணியும் திராட்சைக் கொத்தும் கோதுமைக் கட்டும் கொண்டுவந்து பீடத்தின் முன் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெர்னா நாலு ஜாடி தக்காளி ஊறுகாய் கொண்டுபோயிருந்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு இரண்டு மாதமாகிறது, வேறெதுவும் இல்லை. ஜனீன் ஒரு கூடை நிறைய மஞ்சள் சீமைமாதுளையோடு வந்தாள். பழங்களின் மேல் ஈரம் இன்னும் உலரவில்லை. கோயில் முழுக்க அந்த வாசனை நிறைந்தது.

“முப்பத்தெட்டு!” என்றாள் ஜனீன், கூடையை இறக்கிவைக்கும் முன்பே. “வெர்னா, சத்தியமா என்னால நம்ப முடியல. ரஸ்ஸு குடையில்லாம வெளிய நின்னு ஆடினாரு, தெரியுமா? கிறுக்கு மாதிரி. உங்க பக்கம் எவ்ளோ?”

சுற்றியிருந்த ஐந்தாறு பெண்களும் கையில் இருந்ததைப் பிடித்தபடி திரும்பினார்கள். ஜனீனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் புருவத்துக்கு நடுவே ஒரு சின்ன மடிப்பு விழத் தயாராகிக்கொண்டிருந்ததை வெர்னா கண்டாள். ஐயோ பாவம் என்று சொல்லப்போகிற மடிப்பு. மகன் இந்த வருஷமும் வரவில்லை என்றபோது அதே மடிப்பு. கெல்வினுக்கு இடுப்பு ஆபரேஷன் என்றபோது அதே மடிப்பு.

“இருபத்திரண்டு,” என்றாள் வெர்னா.

எங்கிருந்து அந்த எண் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வந்த பிறகு அது உண்மையைப் போலவே ஒலித்தது. இருபது என்றிருந்தால் பொய்யென்று தெரிந்திருக்கும். இருபத்திரண்டில் ஒரு கணக்கு இருந்தது.

“அப்பாடா!” ஜனீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூணு நாளா அதே நெனப்புதான் எங்களுக்கு. உங்களுக்கு விழலன்னா என்ன பண்றதுன்னு ரஸ்ஸு புலம்பிக்கிட்டே இருந்தாரு. இப்பதான் நிம்மதி.”

பெண்கள் ஒவ்வொருவராகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். வெர்னாவும் சொன்னாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜனீன் போன் பண்ணினாள். வடக்கே எழுபது மைல் தள்ளி ஹீனன் என்றொரு குடும்பமாம். அவருக்குப் பக்கவாதம், மனைவி மட்டும் தனியாக ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறாளாம், அங்கே ஒரு சொட்டு விழவில்லையாம். “அந்தப் பள்ளத்து நிலம் இருக்குல்ல, குதிரைமசால் தீவனம் போட்டது? உனக்குன்னுதான் நெனச்சு வெச்சிருந்தோம், வெர்னா. உன் ஆடுங்க ஈனுற வரைக்கும் அங்க மேயட்டும்னு. இப்பதான் உனக்கும் மழை வந்துருச்சே. அதான் அந்தம்மாவுக்குக் குடுத்துடலாம்னு சொல்லிட்டோம். நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?”

வெர்னா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சமையலறை ஜன்னலுக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் பச்சை என்று சொல்ல, துணிக்கொடியில் தொங்கிய கெல்வினின் சட்டை ஒன்றுதான் இருந்தது. இப்போதுகூடச் சொல்லலாம். சும்மா சொன்னேன், ரெண்டு மில்லிதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் ஜனீனும் சிரிப்பாள். அப்புறம் அந்த மடிப்பு விழும்.

“நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க,” என்றாள்.

மழை பெய்த பத்தாம் நாள் விடிந்தபோது வேலிக் கம்பிகளிலெல்லாம் சிலந்தி வலைகள் பனித்துளி கோத்துத் தொங்கின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தரை நிறம் மாறியிருந்தது. முதலில் கண் கூசுவதால் அப்படித் தெரிகிறதென்று நினைத்தாள். பச்சைதான். செம்மண் மேல் யாரோ மெல்லிய பச்சைத் துணியை விரித்து நாலு மூலையையும் இழுத்துப் பிடித்தது போல. துணி ரோட்டின் விளிம்போடு முடிந்தது. அந்த வழியாகக் காரில் போகிற யாருக்கும், குழந்தைக்குக்கூட, எங்கே மழை பெய்தது எங்கே பெய்யவில்லை என்பது விளங்கிவிடும். அன்று மத்தியானம் மூன்றடுக்கு லாரி ஒன்று வந்து ரஸ்ஸின் வாசலில் திரும்பியது. வெர்னா தீவன வண்டியின் மேல் நின்று பார்த்தாள். பள்ளத்து நிலத்தில் ஹீனனின் ஆடுகள் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கின. வெறும் எலும்பு. அவளுடையவற்றைவிட மெலிந்தவை. அவற்றின் மேல் கோபப்படவும் முடியவில்லை.

அதன் பிறகு தபால் பெட்டிக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஜனீனின் வண்டி ரோட்டில் வரும் சத்தம் கேட்டால் கொட்டகைக்குள் போய்விடுவாள். ஜனீனும் வண்டியை நிறுத்தவில்லை. ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான். மேற்கே ரஸ்ஸும் மகளும் எண்ணெய் வித்தான கனோலாவை விதைத்து முடித்திருந்தார்கள். அதுவும் முளைத்து, வரிவரியாக வாரிய தலை போல நின்றது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் வடக்கிலிருந்து அனல்காற்று கிளம்பியது. முப்பத்தாறு டிகிரி. தூசி பறந்தது. அந்தக் காற்றில் இரண்டிலை முளை தாங்காது, இன்னொரு மழை உடனே வராவிட்டால் கருகும் என்று வெர்னாவுக்குத் தெரியும். வராந்தாவில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்தாள். அடிக்கட்டும் என்று நினைத்தாள். நன்றாக அடிக்கட்டும். நினைத்தபோது உடம்பு முழுக்க ஒரு தெம்பு பரவியது, பல நாள் கழித்துச் சோறு தின்றது போல.

அன்று மாலையே அவளுடைய முதல் ஆடு விழுந்தது. மந்தையிலிருந்து விலகித் தனியாக நின்றது, தீனிக்கு வரவில்லை, கை அசைத்தால் கண் சிமிட்டவில்லை. வயிற்றில் இரட்டைக் குட்டி. தீனி போதாமல் போனால் தாயின் உடம்பு தன்னையே உருக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும், கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் தாய்க்கு விஷமாகிவிடும். வெர்னா அதன் தலையை மடியில் வைத்துச் சர்க்கரைப் பாகைக் குழாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. காலையில் அது செத்துக் கிடந்தது. வியாழக்கிழமைக்குள் ஒன்பது.

ஒன்பதாவதைச் சங்கிலி போட்டு இழுத்துக் குழியில் தள்ளிவிட்டு வந்த கெல்வின் கையைக்கூடக் கழுவவில்லை. பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தான்.

“எங்க போற?”

“என் தம்பியப் பாக்க. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி ரெண்டு வார்த்த கேக்கணும்.” அவன் குரல் நடுங்கியது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. “ரோட்டுக்கு இந்தப் பக்கம் எப்படிக் கெடக்குன்னு அவனுக்குக் கண்ணு தெரியாது? எவனோ எழுபது மைல் தள்ளி இருக்கறவனுக்குப் புல்லு குடுக்கறான். கூடப் பொறந்தவன் தெனம் ஒரு ஆட்டப் பொதைக்கிறேன், ஒரு வார்த்த கேக்கல. எங்கப்பா இருந்திருந்தா அவனச் செருப்பால அடிச்சிருப்பாரு. இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன், வெர்னா. இன்னிக்கி அதச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“கெல்வின், உக்காரு.”

“உக்காந்தா எந்திரிக்க முடியாது.”

“அப்ப நின்னுக்கிட்டே கேளு. நமக்கு இருபத்திரண்டு மில்லி விழுந்துச்சுன்னு நான் ஜனீன்கிட்ட சொன்னேன்.”

கெல்வின் சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“எதுக்கு?”

அவள் மேஜைத் துணியின் ஓரத்தை விரலால் நீவினாள். எதுக்கு என்பதற்கு அவளிடம் இருபது வருஷத்து விஷயங்கள் இருந்தன, ஒன்றுகூட வெளியே எடுத்து வைக்கும்படி இல்லை. “அவளுக்கு முப்பத்தெட்டுன்னா,” என்றாள்.

அவன் சாவியைக் கையில் ஒருமுறை புரட்டினான். பிறகு, “சொன்னதுதான் சொன்ன, நாப்பதுன்னு சொல்லியிருக்கலாம்ல,” என்றான். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது. சாவியை மேஜை மேல் அவள் பக்கமாகத் தள்ளினான். “நீயே போ. நான் போனா ஒன்ன விட்டுக்குடுக்கணும், இல்ல அவன விட்டுக்குடுக்கணும். என்னால ரெண்டும் முடியாது.”

ரோட்டைக் கடக்க ஒரு நிமிஷம், அவர்கள் வீட்டை அடைய இன்னும் நாலு நிமிஷம். ஜனீன் கனோலா வரிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, முளைகளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனல்காற்று இலைகளின் ஓரத்தைத் தீய்த்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டு மில்லிதான் விழுந்துச்சு,” என்றாள் வெர்னா.

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“புல்லு வந்த அன்னிக்கே தெரியும். எனக்குத் தெரியும், ரஸ்ஸுக்குத் தெரியும், இந்த ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும்.” ஜனீன் முளைகளைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். “மறுநாளே ரஸ்ஸு கெளம்பினாரு, போய் அண்ணன்கிட்ட பேசறேன்னு. நான்தான் விடல.”

“நீயா?”

“நான்தான். வெர்னாவா வந்து கேக்கட்டும்னு சொன்னேன்.” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். வெர்னா எதிர்பார்த்த மடிப்பு அந்த முகத்தில் இல்லை. வெயிலில் சிவந்து, களைத்து, நேராகப் பார்த்தது. “நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆச்சு. எல்லாத்துக்கும் உன்கிட்டதான் வந்து நின்னேன். குட்டி சிக்கிக்கிச்சு, வெர்னா. புழு வெச்சிருக்கு, வெர்னா. நீ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்கிட்ட எதுக்காவது வந்திருக்கியா? ஒரு கப் சர்க்கரைக்குக்கூட நீ டவுனுக்குத்தான் போவ. நீ கேக்கறத ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு எனக்கு. தெனம் உன் வீட்டத் தாண்டிப் போறப்ப ஹாரன் அடிச்சுட்டு, இன்னிக்கி வருவா, இன்னிக்கி வருவான்னு. நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.”

“ஒம்பது ஆடு செத்துப்போச்சு, ஜனீன்.”

ஜனீனின் வாய் லேசாகத் திறந்தது. “அது எனக்குத் தெரியாது,” என்றாள் மெதுவாக. “அது சத்தியமா தெரியாது.”

காற்று இருவருக்கும் நடுவே தூசியை இழுத்துக்கொண்டு போனது. மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. கேட்க வேண்டியவள் தானா அவளா என்று வெர்னாவுக்குப் பிடிபடவில்லை.

“பள்ளத்து நிலத்துல ஹீனன் ஆடு இருக்கு, அத எடுக்க முடியாது,” என்றாள் ஜனீன் கடைசியில். “வீட்டுக்குப் பின்னால இருக்கறது என் ஆடுங்க ஈனறதுக்காக விட்டு வெச்சது. அதுல வுடு. காத்து இப்படியே அடிச்சா ரெண்டு வாரம் தாங்கும். மூணு வாரம் தாங்காது.”

“உன் ஆடுங்க?”

“உன் தீவன வண்டி சும்மாதான நிக்கும்? அதக் குடு. பார்லி போட்டுக்கறேன்.” எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “கேளு, வெர்னா.”

“என்ன?”

“வாயத் தொறந்து கேளு.”

வெர்னாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. தன் ஆடுகள் இல்லாமல் இருந்தால் அப்போதே திரும்பி வண்டியில் ஏறியிருப்பாள். “உன் புல்லக் கொஞ்சம் குடு,” என்றாள்.

“எடுத்துக்க,” என்றாள் ஜனீன். குரலில் வெற்றி எதுவும் இல்லை. இருந்திருந்தால் வெர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பசித்த வயிற்றில் பச்சையை அள்ளித் தின்று உப்பிவிடக் கூடாதென்று முதலில் உலர்புல் போட்டு, பிறகு ஆடுகளைக் கிளப்பினாள். கெல்வின் ரோட்டின் வடகோடியில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான், தென்கோடியில் ரஸ். அண்ணனும் தம்பியும் தொலைவிலிருந்தே வணக்கமாக ஒரு விரல் தூக்கிக்கொண்டார்கள். நாய் பின்னாலிருந்து ஒதுக்கியது. முன்னால் வந்த கிழட்டு ஆடு தார் ரோட்டின் நடுவில் நின்று, மூக்கைத் தூக்கி, காற்றைக் குடித்தது. பிறகு ஓடியது. அதன் பின்னே வயிறு தொங்கத் தொங்க எல்லாமே ஓடின. ஜனீன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினாள்.

கடைசி ஆட்டின் பின்னால் வெர்னாவும் உள்ளே போனாள். காற்று இரவோடு அடங்கியிருந்தது. புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. பத்தடி நடப்பதற்குள் பனி அவள் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்து ஒட்டவைத்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றோரு வாய்கள் புல்லைக் கிழிக்கும் சத்தம் நாலாபக்கமும் கேட்டது. பழைய துணியை மெதுவாகக் கிழிப்பது போன்ற சத்தம். எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சீராக முளைத்திருக்கிறது என்று அவள் கண் தன்னாலேயே அளந்துகொண்டு போனது. வேலி மூலையில்கூட ஒரு சொட்டை இல்லை.

யாரும் பார்க்கவில்லையென்று தெரிந்துகொண்டு, குனிந்து ஒரு தாளைக் கிள்ளி அடித்தண்டைப் பல்லில் வைத்துக் கடித்தாள். இனித்தது. அவளுடைய நிலத்துப் புல் எந்த வருஷமும் இவ்வளவு இனித்ததில்லை என்று தோன்றியது. அதைத் துப்பினாள். சற்று நேரம் நின்று, இன்னொன்றைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவே மெதுவாக நடக்கத் தொடங்கினாள்.